யப்பானுக்குப் புதுத் தலைவர், பிடிச்சிருக்கோ?

எங்கள் வானொலியின் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த பிள்ளைகள், எதை எழுத வேண்டும் என்பதையும் தாங்களே தீர்மானித்துக்கொண்டு வந்திருந்தார்கள். "அங்கிள், இவ்வளவு காலமும் சனத்திட்டக் கருத்துக் கேட்டுத் திரிஞ்சியள். உங்கட பெஸ்ட் கிளிப் எது?"

மேயர் தேர்தல் அன்று பஸ் தரிப்பில் நின்ற அம்மாவைத்தான் சொல்வேன் என்று எதிர்பார்த்தார்கள். "ஆர் வந்தாலும் எனக்கு ஒண்டுதான். என்ர பஸ் வரவேணும்" என்றவர் அவர். அதை இன்றைக்கும் நிலையத்தில் சொல்லிச் சிரிப்பார்கள். நான் சொன்னது வேறொன்று. யப்பானின் ஆளுங்கட்சிக்குப் புதிய தலைவர் வந்த கிழமை, ஸ்காபரோவில் ஒரு தமிழ்க் கடை வாசலில் எடுத்தது. அதில் ஒலிபரப்பானது ஒரு வசனம் மட்டும். மிச்சத்தை அழித்துவிட்டோம்.

"யப்பானோ?" என்று பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஓம், யப்பான்தான். வேலையில் இருந்து ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னர் நடந்தது. என் தொழிலில் எதற்காகவாவது நெஞ்சை நிமிர்த்திக்கொள்வேன் என்றால் அதற்காகத்தான்.

நான் படித்துப் பட்டம் பெற்று வானொலிக்கு வந்தவன் இல்லை. ஊரில் இருந்து இந்தக் குளிர் நாட்டுக்கு வந்த புதிதில் சென் ஜேம்ஸ் ரவுணில் இருந்தேன். மாடிக் கட்டடம் முழுக்க எங்கள் ஆட்கள். லிஃப்ட் அடிக்கடி பழுதாகும், சனம் கீழே நிற்கும், நிற்கிற சனம் கதைக்கும். தொழிற்சாலையில் பெட்டி கட்டிவிட்டுக் களைத்து வந்தாலும் அந்த வரிசையில் நிற்பது எனக்குச் சலிக்காது. லிஃப்ட் வந்த பிறகும் ஏறாமல் நின்றிருக்கிறேன், ஒருவர் சொல்லிக்கொண்டிருந்த கதை முடியவில்லை என்பதற்காக. "உந்த லிஃப்டும் எங்கட அரசாங்கமும் ஒண்டு. அமத்தினால் வெளிச்சம் மட்டும் வரும்" என்று ஒருவர் சொன்னார். வானொலியின் நேயர் நேரத்துக்குத் தொலைபேசி எடுத்து, என் கருத்தை விட்டுவிட்டு இப்படிக் கேட்டவற்றைத்தான் சொல்வேன். ஒருநாள் நிகழ்ச்சி முடிந்த பிறகு நிலையத்தில் இருந்து அழைப்பு வந்தது. "தம்பி, உமக்கு வாய் பெரிசில்லை, காது பெரிசு. வேலைக்கு வாறீரோ?"

அழைத்தவர் றஞ்சி அக்கா. செய்திப் பிரிவு அவருடைய கையில் இருந்தது. ஒலிப்பதிவுக் கருவியைத் தந்து, எந்தப் பொத்தான் எதற்கு என்று காட்டி, வெளியே அனுப்பிவிட்டார். என் பயிற்சி அவ்வளவுதான். மிச்சத்தை வாகனத் தரிப்பிடங்களிலும் கோயில் வாசல்களிலும் மரண வீட்டு முற்றங்களிலும் நானே பழகிக்கொண்டேன்.

அக்கா ஏசி நான் கேட்டதில்லை. ஏசியிருந்தால் வசதியாக இருந்திருக்கும். நான் கொண்டுவந்த பதிவைப் போட்டு, ஹெட்போனின் ஒரு பக்கத்தை மட்டும் காதில் அமத்தி, சுவரைப் பார்த்தபடி கேட்பார். முழுதும் கேட்பார். பிறகு ஹெட்போனைக் கழற்றி மேசையில் மெதுவாக வைத்துவிட்டு, "இதில ஆள் இல்லை" என்பார். அந்த ஒரு சொல்லோடு நான் திரும்பவும் குளிருக்குள் போவேன். நல்லது வந்தால் "இதில ஆள் இருக்கு" என்பார். அதற்கு மேல் ஒரு புகழ்ச்சியும் கிடையாது. முதல் வருடம் முழுக்க அந்தச் சொல்லுக்காக அலைந்தேன்.

ஆள் ஏன் இல்லாமல் போகிறது என்று பிறகுதான் விளங்கியது. "இதைப் பற்றி என்ன நினைக்கிறியள்?" என்று கேட்டால் எங்கள் சனம் உடனே மேடை ஏறிவிடும். அதுவரை மரவள்ளிக்கிழங்கு முறித்துப் பார்த்துக்கொண்டு நின்ற மனிதர் தொண்டையைச் செருமி, "வணக்கம். என்னைப் பொறுத்தவரையில்…" என்று தொடங்குவார். அது அவருடைய குரல் இல்லை, எங்கேயோ கேட்ட கூட்டத்தின் குரல். ஆகவே கேள்வியை மாற்றினேன். "பிடிச்சிருக்கோ?" அவ்வளவுதான். புது மேயர் பிடிச்சிருக்கோ, புதுப் பஸ் கட்டணம் பிடிச்சிருக்கோ, கோயிலின் புதுத் தரிப்பிடம் பிடிச்சிருக்கோ. பிடிச்சிருக்கோ என்று கேட்டால் யாருக்கும் மேடை ஏறத் தோன்றாது. முகம்தான் முதலில் பதில் சொல்லும், பிறகு வாய். நகரத்தின் கிழக்கே விட்பியில் இருந்து மேற்கே ரெக்ஸ்டேல் வரைக்கும் அந்த ஒரு சொல்லைக் கொண்டு திரிந்தேன். நிலையத்தில் எனக்குப் 'பிடிச்சிருக்கோ பாலா' என்றே பெயர்.

மைக்கை வாய்க்கு நேரே நீட்டினால் மனிதர் சுருங்கிப்போவார். நெஞ்சளவில் வைத்துக்கொண்டு அவருடைய கண்ணைப் பார்க்க வேண்டும். அவர் முடித்த பிறகும் கொஞ்சம் பேசாமல் நிற்க வேண்டும், நல்லது அப்போதுதான் வரும். எல்லாவற்றிலும் பெரியது அக்காவின் சட்டம். அனுமதி இரண்டு முறை கேட்க வேண்டும். மைக்கைத் திறக்க முதல் ஒருதரம், மூடின பிறகு ஒருதரம். "முதல் சொல்லுற ஓம், தான் என்ன கதைக்கப் போறன் எண்டு தெரியாமல் சொல்லுற ஓம். அதை வைச்சுப் போடேலாது" என்பார். இரண்டாவது முறை சனம் வேண்டாம் என்று சொன்னதால் நான் இழந்த நல்ல பதிவுகள் எத்தனையோ. ஆனாலும் அந்தச் சட்டத்தை ஒருநாளும் மீறவில்லை.

யப்பான் கதைக்கு வருகிறேன். காலைக் கூட்டத்தில் அக்கா அந்தச் செய்தியைச் சொல்லி, சனத்திடம் கேட்டு வாரும் என்றார். யப்பானில் யார் தலைவர் என்று எங்கள் சனத்துக்கு என்ன கவலை என்று கேட்டேன். "பாக்கிங் லொட்டில போய் நிண்டு பாரும். நிக்கிறதில அரைவாசி யப்பான் கார். ஓடுறவையிட்டக் கேளும்" என்றார்.

முதலில் நகரத்துக்குப் போனேன். அங்கே யப்பானியர் ஒருவர் சின்னப் பலகாரக் கடை வைத்திருக்கிறார். என்னுடைய ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் கையில் இருந்த தட்டைத் துடைத்தார். துடைத்த தட்டைத் திரும்பவும் துடைத்தார். பிறகு, இப்போதுதானே வந்திருக்கிறார், பார்ப்போம் என்ற மாதிரி ஒரு வார்த்தை சொல்லித் தலையைக் குனிந்தார். ஒன்றும் கிடைக்கவில்லை என்று நிலையத்தில் கொடுத்தேன். அக்கா கேட்டுவிட்டு, அந்த மௌனத்தை அப்படியே வைக்கச் சொன்னார். "எங்கட சனம் 'பாப்பம்' எண்டு சொல்லுறதை இந்த மனிசன் தட்டாலை சொல்லுது. வெட்டாதையும். இதில ஆள் இருக்கு."

அடுத்த நாள் ஸ்காபரோ. தன் காரின் பொனெற்றில் சாய்ந்து நின்ற ஒருவர், ஸ்பெயார் பார்ட்ஸ் விலை ஏறாத வரைக்கும் தனக்கு யார் வந்தாலும் பிடிக்கும் என்றார். கல்லூரிப் பிள்ளை ஒருத்தி, "அங்கிள், ஐ ஒன்லி நோ அனிமே. பொலிடிக்ஸ் கேக்காதைங்கோ, பிளீஸ்" என்று கும்பிட்டாள். கறிவேப்பிலையைப் பொறுக்கித் தெரிந்துகொண்டிருந்த அம்மா நிமிராமலே கேட்டார்: "அது கட்சிக்காரர் தங்களுக்குள்ள தெரிஞ்செடுத்தது. சனத்திட்ட ஆர் கேட்டது, எனக்குப் பிடிக்கிறதுக்கு?" நான் நிறைந்து போனேன். இவ்வளவும் போதும் என்று புறப்பட்டவன், கடைசியாக ஒருவரிடம் கேட்போம் என்று திரும்பினேன்.

அவர் அப்போதுதான் கடையில் இருந்து வெளியே வந்தார். இரண்டு கையிலும் பைகள். நல்ல காற்று. கிட்டப் போய், "தங்கச்சி, வானொலியில இருந்து வாறன். ஒரு சின்னக் கேள்வி கேட்டுப் பதியலாமோ?" என்றேன். அவசரமாக ஓம் என்றார். மைக்கைத் திறந்தேன். "யப்பானில புதுத் தலைவர் வந்திருக்கிறார். பிடிச்சிருக்கோ?"

காற்று பாதியைக் கொண்டுபோய்விட்டது. அவர் காதில் விழுந்தவை மூன்று சொற்கள்தான்: வானொலி, யப்பான், பிடிச்சிருக்கு.

பைகள் கீழே விழுந்தன. "ஆரைப் பிடிச்சவங்கள்? எங்க வைச்சுப் பிடிச்சவங்கள் அண்ணை? பேர் சொன்னவங்களோ?"

எங்கள் ஆட்களுக்கு அந்தச் சொல்லில் இரண்டு பொருள் உண்டு என்பது எனக்குத் தெரியாததா? ஊரில் 'பிடிச்சிட்டாங்களாம்' என்று யாராவது ஓடி வந்தால், எதைப் பிடித்தது என்று ஒருவரும் கேட்பதில்லை, ஆமியோ பொலிசோ ஆளைக் கொண்டுபோய்விட்டது என்று விளங்கிவிடும். ஆனாலும் இத்தனை காலமும் ஸ்காபரோவில் அந்தச் சொல்லை அப்படி ஒருவரும் கேட்டதில்லை. இவர் கேட்டார். ஏனென்றால் இவருடைய தம்பி யப்பானில் இருந்தார்.

உருண்டு போன தேங்காயைப் பொறுக்கிக்கொண்டே விளக்கம் சொன்னேன். ஒருவரையும் பிடிக்கவில்லை, இது வேறு பிடிக்கிறது, கட்சிக்குத் தலைவர் வந்த கதை என்று. அவர் தள்ளுவண்டிகள் நிற்கும் இடத்தில் சுவரோடு சாய்ந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னார். தம்பி மொழி படிக்கவென்று யப்பான் போனவர். விசா முடிந்து கனகாலம். பழைய வீடுகள் உடைக்கிற வேலை. ஒவ்வொரு ஞாயிறும் இவருக்குத் தொலைபேசி எடுப்பார். சில கிழமைகளாக அழைப்பு இல்லை, தொலைபேசியும் அணைத்தபடி. அங்கே வெளிநாட்டுக்காரரைப் பற்றிக் கடுமையான கதை நடக்கிறது என்று வாட்ஸ்அப்பில் வந்ததாம், மெய்யோ பொய்யோ தெரியாதாம். புதுத் தலைவர் என்ற செய்தி வந்ததில் இருந்து நித்திரை இல்லையாம். தம்பியின் பெயரைச் சொன்னார். நகரத்தைச் சொன்னார். வேலை கொடுத்தவனைப் பற்றியும் சொன்னார்.

சொல்லி முடிய மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். தன்னை நினைத்தே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாதி அழுகை, பாதி சிரிப்பு. அந்தச் சிரிப்போடு சொன்னார்:

"என்னைக் கேக்கிறியள் பிடிச்சிருக்கோ எண்டு. எனக்குப் பிடிக்கிறது கிடக்கட்டும் அண்ணை. அவருக்கு எங்கட ஆக்களைப் பிடிக்குமோ எண்டு ஒருக்காக் கேட்டுச் சொல்லுங்கோ."

அப்போதுதான் என் கையைப் பார்த்தேன். இவ்வளவு நேரமும் மைக் திறந்துதான் இருந்திருக்கிறது.

அதை மூடிவிட்டு, சட்டப்படி இரண்டாவது முறை கேட்டேன். எல்லாம் பதிந்துவிட்டது, அழிக்கட்டுமா என்று. அவர் என் கையை மறித்தார். "அழியாதைங்கோ. முழுக்கப் போடுங்கோ. அவன்ர பேர், இடம் எல்லாம் போடுங்கோ. அவன் உங்கட ரேடியோவைப் போனில கேக்கிறவன். எங்க இருந்தாலும் கேட்டுப்போட்டு எடுப்பான்."

நிலையத்துக்குக் கார் ஓட்டிய வழி முழுக்க என் மனம் துள்ளியது. உண்மையைச் சொல்கிறேன், அந்த மாதிரி ஒன்று என் வாழ்நாளில் கிடைத்ததில்லை. அனுமதியும் இரண்டு முறை. அக்காவின் முன்னால் வைத்துவிட்டு, அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தேன்.

அவர் வழக்கம் போல ஒரு காதில் அமத்தி, சுவரைப் பார்த்தபடி கேட்டார். முடிந்த பிறகும் ஹெட்போனைக் கழற்றவில்லை. இரண்டாவது முறையும் கேட்டார். பிறகு கழற்றி, மேசையில் வைத்து, "இதில ஆள் கூடிப்போச்சு, பாலா" என்றார்.

அவர் வாயில் இருந்து அப்படி நான் கேட்டதில்லை. "அக்கா, அவ இரண்டு தரமும் ஓம் எண்டவ. போடச் சொல்லிக் கெஞ்சினவ" என்றேன்.

"ஓம் எண்டது அக்காக்காரி. பேர் தம்பியின்ர. அவன் ஓம் எண்டவனோ?"

"அவன்ர காதுக்குப் போக வேணும் எண்டுதானே அவ கேக்கிறா."

"வானொலிக்குக் கதவு இல்லை பாலா. அவன்ர காதுக்கு மட்டும் போ எண்டு எங்களாலை அனுப்பேலாது."

அக்கா அழிக்கச் சொல்லிவிட்டு எழுந்தார். நான் எழவில்லை. ஒரு பொம்பிளை என் கையை மறித்துத் தந்ததை வெறுமனே அழித்துவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. திரும்பவும் ஓடவிட்டேன். கடைசிக்கு வந்ததும் நிறுத்தினேன். "அக்கா, இஞ்ச வந்து இதை மட்டும் கேளுங்கோ."

அந்தச் சிரிப்பும் அந்த வசனமும். அதில் பெயர் இல்லை, ஊர் இல்லை, தம்பி என்ற சொல்கூட இல்லை. கேட்கிற சனத்துக்கு அது ஒரு பகிடி, நல்ல சூடான பகிடி. ஆனால் அந்தக் குரலோடு வளர்ந்த ஒருவன் கேட்டால், முதல் மூச்சிலேயே ஆளைக் கண்டுபிடிப்பான். இதைத்தான் அக்காவிடம் சொன்னேன். வழக்கமாக அந்த முதல் சிரிப்பை வெட்டிவிட்டுச் சொல்லில் தொடங்குவோம். இந்த முறை சிரிப்பில் இருந்து தொடங்குவோம் என்றேன்.

அக்கா நின்றபடியே கேட்டார். கதிரையை இழுத்து அமர்ந்தார். "கடைசியில வையும், தட்டுத் துடைக்கிற மனிசனுக்குப் பிறகு" என்றார். "காலமைச் செய்தியோட போகட்டும். இஞ்ச காலமை எண்டால் அங்க இரவு. வேலை முடிஞ்சு வந்திருப்பான்." கொஞ்சம் யோசித்துவிட்டு, அந்தக் கிழமை முழுவதும் காலையில் அதையே திரும்பப் போடச் சொன்னார். ஒரே பதிவைத் திரும்பத் திரும்பப் போட்டதை நான் அந்த நிலையத்தில் அதற்கு முன்னர் கண்டதில்லை. மிச்சம் எல்லாவற்றையும் அவரும் நானும் பக்கத்தில் இருந்து அழித்தோம்.

அந்தப் பெண் அன்றைக்குத் தந்த இலக்கத்துக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னது நான்தான். நன்றாக வாங்கிக் கட்டினேன். "முழுக் கோழியைத் தந்தால் செட்டையை மட்டும் சட்டியில போடுறியள். உங்களை நம்பிக் கதைச்சன் பாருங்கோ" என்று வைத்துவிட்டார். திரும்ப எடுத்தேன், பதில் இல்லை.

நேயர்கள் அந்த வசனத்தைக் கொண்டாடினார்கள். தரிப்பிடங்களில் என்னைக் கண்டவர்கள், "அவருக்கு எங்கட ஆக்களைப் பிடிக்குமோ எண்டு கேட்டுச் சொன்னியளோ?" என்று பகிடி விட்டார்கள். நானும் சிரித்தேன். காரில் ஏறியதும் அதே கேள்விகள்தான் வரும். அந்தத் தம்பி எங்கே? கேட்டானா? பிடித்துத்தான் விட்டார்களோ? அப்படியே கிழமைகள் போயின. எனக்குப் பிரியாவிடை வந்தது. கேக் வெட்டினார்கள், சால்வை போர்த்தினார்கள். அக்கா பேச எழுந்து, "இவரிட்ட ஆள் இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு அமர்ந்தார். கைதட்டின ஆட்களுக்கு அதன் பெறுமதி விளங்கியிருக்காது. எனக்கு விளங்கியது.

ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் அதே கடைக்கு மீன் வாங்கப் போனேன். காரில் ஏறி இருக்க, யாரோ கண்ணாடியில் தட்டினார்கள். பார்த்தால் அவர். மூச்சு வாங்குகிறது. கண்ணாடியை இறக்கினேன்.

"அண்ணை, பிடிச்சிட்டன்."

"ஆரைப் பிடிச்சது?" என்று கத்திவிட்டேன்.

"தம்பியை. போனில பிடிச்சிட்டன்" என்று அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அன்றைக்கு நான் அவருக்குக் கொடுத்த பயத்தை இன்றைக்கு அவர் வட்டியோடு திருப்பித் தந்தார். பயத்தில் தம்பி தொலைபேசியை அணைத்துவிட்டு, சிநேகிதன் ஒருவனின் அறைக்கு மாறியிருந்தாராம். யாரோடும் கதைக்காமல் இருப்பதுதான் எல்லாருக்கும் நல்லது என்று நினைத்தாராம். ஓர் இரவு சிநேகிதனின் போனில் எங்கள் வானொலி ஓடியது. செய்தியின் முடிவில் ஒரு சிரிப்பு. சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டு எழும்பிவிட்டாராம். சிநேகிதனின் போனிலேயே எடுத்து, முதல் கேட்ட கேள்வி: "அக்கா, ரேடியோவில என்ன ஞாயம் கதைச்சுக்கொண்டு நிக்கிறாய்?"

ஆண்டு மலருக்கு இதை எழுதலாமா என்று பிறகு அவரிடம் கேட்டேன். அவர் ஓம் என்றார். சட்டப்படி இரண்டாவது முறையும் கேட்டேன், ஓம் என்றார். எனக்கு அது போதவில்லை. விளங்கிக்கொண்டவர் போலத் தன் போனில் தம்பியை அழைத்து என் காதில் வைத்தார். அங்கே நல்ல இரவாக இருக்க வேண்டும். மெல்லிய, களைத்த குரல்.

"எழுதுங்கோ அண்ணை. பேரை விட்டிடுங்கோ. ஊரையும் விட்டிடுங்கோ."

விட்டுவிட்டேன். போனைத் திருப்பிக் கொடுக்க முதல் பழக்க தோஷம் என்னை விடவில்லை. மைக்கும் இல்லை, கருவியும் இல்லை, சம்பளமும் இல்லை. இருந்தும் கேட்டேன்.

"தம்பி, உங்க புதுத் தலைவர் வந்திருக்கிறார். பிடிச்சிருக்கோ?"

பலகாரக் கடைக்காரர் தட்டைத் துடைத்த அளவு நேரம் மறுமுனையில் ஒரு சத்தமும் இல்லை. பிறகு அவருடைய அக்காவின் சிரிப்பு, அப்படியே அச்சாக, ஆண் குரலில் வந்தது.

"என்னை இன்னும் பிடிக்கேல்லை, அண்ணை."